திரைப்பட விழாவும் ஓசிப் பைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சன்டான்ஸ் மாதிரியான விழாக்களைப் பற்றி நண்பர்களிடம் பேச ஆரம்பித்தால், படங்களைப் பற்றி இரண்டு கேள்வி வரும், நட்சத்திரங்கள் அள்ளிக்கொண்டு போகும் இலவசப் பொருட்களைப் பற்றி எட்டுக் கேள்வி வரும். வருடா வருடம் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

சுயாதீனத் திரைப்பட விழான்னா என்ன? மத்த விழாக்களுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

பெரிய ஸ்டுடியோவின் பணம் இல்லாமல் எடுக்கப்பட்ட படங்களுக்கான விழா. படம் முடிந்துவிட்டது, ஆனால் வாங்க ஆளில்லை. இயக்குநரின் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தப் படத்தை விநியோகஸ்தர், விமர்சகர், சாதாரணப் பார்வையாளர் மூவரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பார்க்கும்படி செய்வதுதான் விழாவின் வேலை. அமெரிக்காவில் இதற்குப் பேர்போனது சன்டான்ஸ். யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி என்ற மலையூரில், ஜனவரிப் பனியில், 2026 வரை நடந்தது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலான உதாரணங்களை அங்கிருந்துதான் எடுத்திருக்கிறேன்.

2024 விழாவுக்கு வந்த விண்ணப்பங்கள் 17,435. அவற்றில் முழுநீளப் படங்கள் மட்டும் 4,410. திரையிடப்பட்ட முழுநீளப் படங்கள் நூறைக்கூடத் தொடவில்லை. ஆக, இப்படி ஒரு விழா உண்மையில் பங்கிட்டுக் கொடுப்பது கவனத்தை. பத்துப் பதினோரு நாளுக்கு உலகத்தின் கண் அந்த ஊர்மீது இருக்கும். அந்தக் கண் எதைப் பார்க்கிறது என்பதுதான் கீழே வரும் எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படை.

ஸ்வாக், கிஃப்டிங் லவுஞ்ச்னு எல்லாம் எழுதறாங்களே, அது என்ன?

ஸ்வாக் என்பது நிறுவனங்கள் விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுக்கும் பொருள். கிஃப்டிங் லவுஞ்ச் அல்லது கிஃப்டிங் ஸ்வீட் என்பது அதைக் கொடுப்பதற்காகவே வாடகைக்கு எடுத்து அலங்கரித்த இடம். ஒரு கடை, ஓட்டல் அறைத் தொகுதி, சில நேரம் ஒரு முழு வீடு. உள்ளே பல பிராண்டுகள் மேசை போட்டிருக்கும். பனிக்கால பூட்ஸ், ஜீன்ஸ், கறுப்புக் கண்ணாடி, கைப்பேசி, முகப்பூச்சு, நகை என்று வரிசையாக இருக்கும். அழைப்புப் பட்டியலில் இருக்கும் நட்சத்திரம் வருவார், ஒவ்வொரு மேசையாக நிற்பார், பொருளைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார், பையோடு வெளியே போவார்.

பரிசுப் பை என்பது வேறு. ஒரு விருது நிகழ்ச்சியிலோ விருந்திலோ கலந்துகொண்டவர்களுக்கு மொத்தமாகக் கட்டிக் கொடுப்பது அது. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். வரி விஷயத்தில் இரண்டும் ஒரே பாடுதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏற்கெனவே கோடீஸ்வரங்க. அவங்களுக்குப் போய் ஏன் ஓசியில கொடுக்கணும்?

அது தானம் இல்லை, கொள்முதல். பிராண்டு வாங்குவது ஒரு புகைப்படத்தை. ஒரு முன்னணி நடிகையை விளம்பரப் படத்தில் நடிக்க வைக்க ஒப்பந்தம், வழக்கறிஞர், பெரும் சம்பளம் எல்லாம் வேண்டும். அதே நடிகை பனித் தெருவில் அந்த பூட்ஸோடு நடப்பதாக ஒரு படம் பத்திரிகையில் வந்துவிட்டால் செலவு ஒரு ஜோடி பூட்ஸும் கடை வாடகையில் ஒரு பங்கும்தான். அதோடு, விளம்பரம் என்று தெரியாத விளம்பரத்துக்கு மதிப்பு அதிகம். அவரே விரும்பிப் போட்டிருக்கிறார் என்று வாசகர் நினைப்பார்.

ஆகவே பொருள் தேவைப்படுகிறவருக்கு அது போகாது, படம் எடுக்கத் தகுந்த முகத்துக்குத்தான் போகும். கேமராக்காரர், எடிட்டர், மூன்று வருடமாகக் கடனில் ஒரு ஆவணப்படத்தை எடுத்து முடித்தவர் யாரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அப்ப விழாவுல படம் போடற இயக்குநருக்கு ஒண்ணும் கிடைக்காதா?

கிடைக்கலாம். விழாவின் அதிகாரபூர்வப் புரவலர்கள், அதாவது ஸ்பான்சர்கள், இயக்குநர்களுக்கு ஒரு பை கொடுப்பது வழக்கம்தான். தனியார் லவுஞ்சுகளில் சில, படத்தின் நடிகரோடு இயக்குநரையும் உள்ளே விடும். நடிகருக்குப் பெயர் இல்லை என்றால் வாசலில் பட்டியலைப் பார்க்கிறவர் கையை விரித்துவிடுவார்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லாமல் நகர மனமில்லை. 1994 சன்டான்ஸில் திரையிடப்பட்டு விலைபோன 'கிளெர்க்ஸ்' படத்தை கெவின் ஸ்மித் எடுத்தது 27,575 டாலரில். தான் வேலை பார்த்த கடையிலேயே, கடை மூடிய பிறகு, இரவு இரவாகப் படமாக்கினார். 2006 ஆஸ்கர் விழாவில் மேடையேறியவர்களுக்குத் தரப்பட்ட பரிசுப் பையின் மதிப்பு ஒரு லட்சம் டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. ஒரு பையின் விலையில் அப்படி மூன்று படங்கள் எடுத்திருக்கலாம். ஆஸ்கர் சுயாதீன விழா இல்லைதான். ஆனால் பை கொடுக்கும் தொழில் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்.

சன்டான்ஸ் முதல்லேர்ந்தே இப்படித்தானா?

இல்லை. 1978-இல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு சின்ன விழாவாகத்தான் தொடங்கியது, அப்போது பெயர்கூட வேறு. 1981-இல் பார்க் சிட்டிக்கும் ஜனவரி மாதத்துக்கும் மாறியது. பனிச்சறுக்குப் பருவத்தில் நடத்தினால் ஹாலிவுட்காரர்கள் வருவார்கள் என்று யோசனை சொன்னவர் இயக்குநர் சிட்னி போலக் என்பார்கள். அதே 1981-இல்தான் ஹாலிவுட் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் சன்டான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். புது எழுத்தாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் பயிற்சிப் பட்டறை நடத்துவதுதான் அதன் முதல் வேலை. 1985-இல் விழாவின் பொறுப்பை அந்த நிறுவனம் ஏற்றது. சன்டான்ஸ் திரைப்பட விழா என்ற பெயர் வந்தது 1991-இல்.

திருப்பம் 1989. ஸ்டீவன் சோடர்பெர்க் என்ற இருபத்தாறு வயதுக்காரரின் முதல் படம் அங்கே பார்வையாளர் விருது வாங்கியது. சில மாதங்களில் அதுவே பிரான்சின் கான் விழாவில் உச்ச விருதான தங்கப்பனையையும் வென்று, திரையரங்குகளிலும் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு விநியோகஸ்தர்கள் காசோலைப் புத்தகத்தோடு மலையேற ஆரம்பித்தார்கள். வாங்குகிறவர்கள் வந்ததும் ஏஜென்டுகள் வந்தார்கள், அவர்கள் பின்னால் நட்சத்திரங்கள், நட்சத்திரங்கள் பின்னால் புகைப்படக்காரர்கள். கேமரா எங்கே திரும்புகிறதோ அங்கே பிராண்டு கடை போடும். 1990-களின் இறுதியிலும் 2000-களின் முதல் பாதியிலும் பார்க் சிட்டியின் மெயின் ஸ்ட்ரீட் அப்படித்தான் நிறைந்தது.

அந்த லவுஞ்செல்லாம் விழாக்காரங்க நடத்தறதுதானே?

பெரும்பாலும் இல்லை. பலருக்கும் இருக்கும் தப்பபிப்பிராயம் இது, விழாவின் பெயர் அதிகம் கெட்டதும் இதனால்தான். விழாவுக்குப் பணம் கட்டி, ஒப்பந்தம் போட்டு, பெயரைப் பயன்படுத்த அனுமதி வாங்கியவர்கள் அதிகாரபூர்வப் புரவலர்கள். லவுஞ்ச் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் விழாவுக்கு ஒரு காசும் தராதவர்கள். விழா நடக்கும் ஊரில், நடக்கும் நாட்களில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து, கூடிய கூட்டத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். விளம்பரத் துறையில் இதற்கு ஆம்புஷ் மார்க்கெட்டிங் என்று பெயர். பதுங்கியிருந்து பாய்வது.

பத்திரிகையில் வரும் படத்தின் கீழே 'சன்டான்ஸில் இன்னார்' என்றுதான் இருக்கும். அந்த நட்சத்திரத்துக்கு அங்கே படமே இல்லாமலும் இருக்கலாம், ஒரு திரையிடலுக்கும் போகாமலும் இருந்திருக்கலாம். படிப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

சரி, ரெட்ஃபோர்ட் ஏன் தடுக்கல? அவர் நினைச்சா முடியாதா?

அவர் பலமுறை வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். ஆனால் விழாவின் அதிகாரம் அதன் அரங்க வாசலோடும் அதன் பெயரோடும் முடிந்துவிடுகிறது. மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் தன் கடையைப் பத்து நாளுக்கு யாருக்கு விடுகிறார் என்பதை விழா தீர்மானிக்க முடியாது. பெயரையும் சின்னத்தையும் அனுமதியின்றிப் போட்டால் சட்டப்படி கேட்கலாம். பெயரைப் போடாமல் பக்கத்தில் நின்றால் ஒன்றும் செய்ய முடியாது.

2007-இல் விழா ஒன்று செய்தது. படத்தின்மீது கவனம் வையுங்கள் என்று பொருள்படும் வாசகம் பொறித்த பட்டன் பேட்ஜ்களை வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு திரைப்பட விழா, வந்தவர்களிடம் படத்தைக் கவனியுங்கள் என்று சட்டையில் குத்திவிட்டுச் சொல்ல வேண்டிய நிலை. அதை முதலில் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அப்ப அதிகாரபூர்வ ஸ்பான்சர்னா யோக்கியம், மத்தவங்கன்னா மோசமா? எல்லாம் விளம்பரம்தானே?

விளம்பரம் என்ற அளவில் எல்லாம் ஒன்றுதான். அக்யூரா காரும் சேஸ் வங்கி அட்டையும் சன்டான்ஸின் அதிகாரபூர்வப் புரவலர்களாக இருந்திருக்கின்றன. அவர்களும் ஊருக்குள் கூடம் அமைத்து நட்சத்திரங்களை உட்கார வைத்தவர்கள்தான். வித்தியாசம் பணம் எங்கே போகிறது என்பதில். புரவலர் கட்டும் பணத்தில் புரொஜக்டர் ஓடுகிறது, பேருந்து ஓடுகிறது, கோடைகாலப் பட்டறைக்கு வரும் புது எழுத்தாளருக்கு இடம் கிடைக்கிறது. பதுங்கிப் பாய்கிறவர் கட்டும் பணம் கடை உரிமையாளருக்கும் நிகழ்ச்சி அமைப்பாளர் என்ற பெயரில் இயங்கும் விளம்பர நிறுவனத்துக்கும் போகிறது.

அதற்காக அதிகாரபூர்வப் பணம் எல்லாம் தூய்மையானது என்று நான் சொல்லவில்லை. புரவலரின் பெயர் எங்கே நிற்கிறது என்பதைப் பாருங்கள். படம் தொடங்கும் முன் திரையில் ஒரு அட்டையாக வந்துபோனால் எனக்குக் குறையில்லை. எந்தப் படம் தேர்வாக வேண்டும், எந்த விவாதத்தில் யார் பேச வேண்டும் என்பதில் அது கை வைத்தால் விழா விலைபோய்விட்டது என்று அர்த்தம்.

ஸ்பான்சரே வேணாம்னு ஒரு விழாவை நடத்த முடியாதா?

சின்ன அளவில் முடியும். சன்டான்ஸ் நிராகரித்த சில இயக்குநர்கள் சேர்ந்து 1995-இல் அதே ஊரில், அதே நாட்களில், ஸ்லாம்டான்ஸ் என்ற விழாவைத் தொடங்கினார்கள். விநியோகஸ்தர் இல்லாத முதல் பட இயக்குநர்களுக்கு, பத்து லட்சம் டாலருக்குக் கீழ் எடுத்த படங்களுக்கு, போட்டிப் பிரிவு என்று வகுத்துக்கொண்டார்கள். முப்பது வருடம் ஓடியது. 2025-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறிவிட்டது. அவர்களும் புரவலர்களை முற்றிலும் தவிர்த்தவர்கள் இல்லை.

பெரிய அளவில் நடத்த நுழைவுச்சீட்டு வருமானம் மட்டும் போதாது. வருடத்துக்குப் பத்து நாள் மட்டும் திரையரங்காக மாறும் பள்ளி அரங்கங்கள், திரையிடும் கருவிகள், ஊழியர் சம்பளம் எல்லாம் இருக்கிறது. விழா நாட்களில் வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர்கள் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்கள் பனியில் நிற்பதால்தான் விழா நடக்கிறது. அவர்களுக்குக் கிடைக்கும் மேல்கோட்டை நான் ஸ்வாக் கணக்கில் சேர்க்க மாட்டேன், அது உழைத்தவருக்குச் சேர வேண்டியது.

வாங்கின பொருளுக்கு வரி கட்டணுமாமே? பரிசுக்குக்கூடவா?

அமெரிக்காவில் கட்ட வேண்டும், ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் அது பரிசே இல்லை. 1960-இல் டுபர்ஸ்டீன் என்பவரின் வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வியாபாரத்துக்கு ஆள் காட்டி உதவியதற்காக ஒருவர் அவருக்கு ஒரு கேடிலாக் காரைக் கொடுத்திருந்தார். பரிசு என்றால் எதையும் எதிர்பார்க்காத தாராள மனத்தோடு தந்ததாக இருக்க வேண்டும், இது அப்படியில்லை, வருமானம்தான் என்றது நீதிமன்றம். பூட்ஸ் கொடுக்கும் பிராண்டு பதிலுக்குப் புகைப்படத்தை எதிர்பார்க்கிறது. எனவே அதன் சந்தை மதிப்பு நட்சத்திரத்தின் வருமானத்தில் சேர வேண்டும்.

நீண்ட நாள் இதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2006-இல் அமெரிக்க வருமான வரித்துறை விழித்துக்கொண்டது. ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி அதுவரை கொடுத்த பைகளுக்கான வரிப் பாக்கியைப் பேசித் தீர்த்தது, அடுத்த ஆண்டு முதல் பையையே நிறுத்திவிட்டது. அதன் பிறகு ஒரு தனியார் நிறுவனம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர்களுக்குத் தானாகவே பை அனுப்ப, அதை எல்லோரும் ஆஸ்கர் பை என்று எழுத, 2016-இல் அகாடமி அந்த நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டுப் பின்னர் சமரசமானது. சன்டான்ஸின் அதே சிக்கல்தான். கொடுப்பவர் ஒருவர், பெயர் கெடுவது இன்னொருவருக்கு.

தர்மத்துக்குக் கொடுத்துட்டா சரியாப் போச்சா?

பொருளைப் பொறுத்தவரை நல்லதுதான். 2006 ஆஸ்கர் பையை ஜார்ஜ் குளூனி ஏலத்துக்குக் கொடுத்தார். 45,100 டாலருக்குப் போனது. அந்தப் பணம் தொண்டு நிறுவனத்துக்குப் போனது. வரிச் சட்டப்படி, முதலில் வருமானமாகக் காட்டிவிட்டுப் பிறகுதான் நன்கொடைக் கழிவு கேட்க முடியும். கைமாற்றிவிட்டால் வாங்கவே இல்லை என்று ஆகிவிடாது.

ஆனால் லவுஞ்சுக்குள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, பொருளை மட்டும் தானமாக அனுப்பினால், பிராண்டுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்கு வேண்டியது பொருள் யார் வீட்டில் இருக்கிறது என்பது இல்லை. சில லவுஞ்சுகள் தொண்டுப் பெட்டி ஒன்றை வாசலிலேயே வைப்பது அதனால்தான். வாங்கக் கூச்சப்படுகிறவரும் உள்ளே வர அது வழி செய்கிறது.

பத்திரிகைக்காரங்க, விமர்சகர்கள் எல்லாம் வாங்கலாமா?

கூடாது என்பது என் எண்ணம். படத்தைப் பற்றி எழுதுகிறவர் படம் சம்பந்தப்பட்ட யாரிடமும் பொருள் வாங்கக் கூடாது. நல்ல பத்திரிகைகள் பலவற்றில் இதற்கு எழுதிவைத்த விதியே உண்டு. வலைப்பதிவர்களும் சமூக ஊடகப் பிரபலங்களும் இதில் வருவார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009-இல் தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தியபோது, இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு அதைப் பற்றி எழுதுகிறவர் அதை வெளியே சொல்ல வேண்டும் என்றது. நட்சத்திரங்களுக்கும் அது பொருந்தும். 2023-இல் அந்த நெறிகள் இன்னும் விரிவாகின.

நட்சத்திரம் வந்தாத்தானே கூட்டம் வரும்? கூட்டம் வந்தாத்தானே சின்னப் படத்துக்கும் விளம்பரம்?

இதுதான் லவுஞ்ச் நடத்துகிறவர்கள் சொல்லும் முக்கிய வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. பெயருள்ள நடிகர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு சின்னப் படத்தில் நடித்தால் அந்தப் படம் விலைபோக வழி பிறக்கிறது. அப்படி வரும் நடிகரை நான் மனதார வரவேற்கிறேன். அவர் தன் படத்தோடு வருகிறார், திரையிடல் முடிந்ததும் மேடையில் நின்று கேள்விக்குப் பதில் சொல்கிறார். கவனம் படத்துக்குப் போகிறது.

லவுஞ்சுக்காக மட்டும் வரும் கூட்டம் வேறு. அது முதல் வார இறுதிக்கு வருகிறது, திங்கள் செவ்வாயில் மலையிறங்கிவிடுகிறது. லவுஞ்சுகளும் அதோடு கடையைக் கட்டிவிடும். விழாவோ அந்த வாரம் முழுவதும் நடக்கும். புதன்கிழமை காலையில் முதன்முறை திரையிடப்படும் படத்துக்கு அந்தக் கூட்டத்தால் ஒரு டிக்கெட்டும் கூடுவதில்லை. முதல் வார இறுதியில் அறை வாடகை ஏறியதும், பேருந்து நெரிசலில் திரையிடலுக்குப் பிந்தியதும்தான் அந்த இயக்குநருக்கு மிச்சம்.

நட்சத்திரமே இல்லாமல் விழாவைக் கலக்கிய படங்களும் உண்டு. 1999-இல் 'தி பிளேர் விட்ச் புராஜக்ட்' படத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நள்ளிரவுத் திரையிடலில் போட்டார்கள். சுமார் 11 லட்சம் டாலருக்கு விற்றது. உலகம் முழுவதும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் 2021. பெருந்தொற்றால் அந்த வருடம் விழா பெரும்பாலும் இணையத்தில்தான். மெயின் ஸ்ட்ரீட் கூட்டம் இல்லை, பைகள் இல்லை. அந்த வருடம்தான் 'கோடா' படத்தை ஆப்பிள் நிறுவனம் சுமார் இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கியது. சன்டான்ஸில் அதுவரை எந்தப் படமும் அந்த விலைக்குப் போனதில்லை. அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் அதற்குத்தான். ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் பணத்தைக் கொட்டிய காலம் அது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் லவுஞ்ச் இல்லாவிட்டால் படம் விற்காது என்ற பேச்சு அந்த ஜனவரியோடு அடிபட்டுப்போனது.

படத்தைக் கோடிக்கணக்குல விக்கறதும் வியாபாரம்தானே? அது கலை, ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் வியாபாரமா?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இதுதான். நான் பல நாள் யோசித்த கேள்வியும் இதுதான்.

வியாபாரம் என்பதால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2006-இல் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' 1 கோடியே 5 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்தப் பணத்துக்குக் கைமாறியது படம். அதை விற்க வேண்டுமானால் முதலில் யாராவது அதை முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் உழைப்பை எடைபோட வேண்டும். சந்தை தப்பாகவும் எடைபோடும். ஊரே கைதட்டிய படத்தை மலையுச்சி மயக்கத்தில் அதிக விலைக்கு வாங்கி, கீழே இறங்கியதும் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பலர். இருந்தாலும் அந்த வியாபாரத்தில் கவனம், பெயர் இல்லாதவரை நோக்கி ஓடுகிறது.

லவுஞ்ச் வியாபாரத்தில் அது எதிர்த்திசையில் ஓடுகிறது. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த முகத்துக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம், ஏற்கெனவே கடைகடையாய் விற்கும் பூட்ஸுக்கு இன்னும் கொஞ்சம் விற்பனை. இரண்டுக்கும் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? படம் எடுத்தவர்கள் கூடியதால் அந்த ஊருக்கு வந்த வெளிச்சத்திலிருந்து. ஒரு நிருபர் ஒரு நாளைக்கு மூன்று செய்தி அனுப்பலாம் என்றால், அதில் ஒன்று லவுஞ்சுக்குப் போனால் ஒரு படத்துக்கு வர வேண்டிய செய்தி குறைகிறது. என் கோபம் பணத்தின்மீது இல்லை. மற்றவர் நெய்யை எடுத்துத் தன் விளக்கை ஏற்றிக்கொள்வதன்மீதுதான்.

ஊர்க்காரங்களுக்கு லாபம்தானே? அவங்க ஏன் குறை சொல்றாங்க?

பார்க் சிட்டி எட்டாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர். ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கத்தை நம்பி இருந்தது, இப்போது பனிச்சறுக்கை நம்பி இருக்கிறது. மெயின் ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருப்பவர்களில் பலருக்கு விழாவின் பத்து நாள் வாடகையே பெரிய வருமானமாக இருந்தது. கடை இல்லாதவருக்கு நெரிசல்தான் மிஞ்சியது. விந்தை என்னவென்றால், விழா நாட்களில் சறுக்குமலைச் சரிவுகள் காலியாக இருந்தன. அறைகளை எல்லாம் சினிமாக்காரர்கள் பிடித்துக்கொண்டதால் சறுக்க வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டார்கள்.

விழா இப்ப போல்டருக்குப் போகுதாமே. இனிமே மாறுமா?

2025 மார்ச்சில் அறிவித்தார்கள். 2026 ஜனவரியோடு பார்க் சிட்டி காலம் முடிந்தது, 2027 முதல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரம். அதைப் பார்க்க ரெட்ஃபோர்ட் இல்லை, 2025 செப்டம்பரில் காலமானார். கொலராடோ அரசு பத்தாண்டுகளில் 3 கோடியே 40 லட்சம் டாலர் வரை வரிச்சலுகை தர ஏற்பாடு செய்திருக்கிறது.

போல்டர் பல்கலைக்கழக நகரம், பார்க் சிட்டியைவிடப் பல மடங்கு பெரியது. ஒரே ஒரு தெருவில் எல்லாம் அடைந்துகிடக்கும் நெருக்கடி கொஞ்சம் தளரலாம், மாணவர்கள் படம் பார்க்க வரலாம் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அங்கேயும் பெர்ல் ஸ்ட்ரீட் என்று வாகனம் போகாத ஒரு கடைத்தெரு இருக்கிறது. அங்கே கடைகளைப் பத்து நாளுக்கு யார் எடுக்கப்போகிறார்கள் என்பதை விழாவால் முழுதும் கட்டுப்படுத்த முடியாது. காரணம் ரெட்ஃபோர்ட் பற்றிய கேள்வியில் சொன்னதுதான். நகராட்சியால் கொஞ்சம் முடியும். தற்காலிகக் கடை உரிமத்துக்கு என்ன நிபந்தனை வைக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

என் படம் ஒரு விழாவுல தேர்வாகியிருக்கு. ஒரு பிராண்டு 'வாங்க, பொருள் தர்றோம், போட்டோ எடுத்துக்கறோம்'னு கூப்பிடறாங்க. போகலாமா?

முதலில் வாழ்த்துகள். போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். குளிருக்கு நல்ல கோட்டு இல்லாமல் வரும் இயக்குநர்கள் உண்டு, கிடைத்ததைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போகும் முன் விழாவோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். புரவலர்களுக்குப் போட்டியான பிராண்டு என்றால் விழா அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள். எடுக்கும் புகைப்படத்தை எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வாசலில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாமல் அறைக்குக் கொண்டுவந்து படியுங்கள். பொருள் இரவலா, சொந்தமா என்பதையும் கேளுங்கள். நகையும் உடையும் பல நேரம் திருப்பிக் கொடுக்க வேண்டியவை. சொந்தம் என்றால் மேலே சொன்ன வரி உங்களுக்கும் உண்டு.

புகைப்படக் குறிப்பில் உங்கள் பெயரோடு படத்தின் பெயரும், அடுத்த திரையிடல் நேரமும் வர வேண்டும் என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் அரை மணி நேரம் கொடுங்கள். மறுத்தால் உங்களிடம் அவர்களுக்கு வேண்டியது என்ன என்பது தெரிந்துவிடும். எதற்காகவும் உங்கள் திரையிடல் நாளின் மாலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். படம் முடிந்து வெளியே வருகிறவர்களில் யாராவது ஒருவர், கேள்வி நேரத்தில் கை தூக்கத் தயங்கியவர், அரங்க வாசலில் உங்களோடு பேசக் காத்திருப்பார்.